ரோகிணிக்கு வயதாகிவிட்டது

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் நட்சத்திரம் கேட்பார். "ரோகிணி" என்று சொல்லும் பலர் அதை வானத்தில் பார்த்ததே இல்லை. சென்னையின் விளக்கு வெளிச்சத்தையும் மீறித் தெரிகிற நட்சத்திரம் அது. மேலைநாட்டார் வழங்கும் பெயர் ஆல்டிபரன்.

நிறம் ஆரஞ்சு, வயதான அடையாளம். நட்சத்திரங்கள் மையத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக்கி ஒளிர்கின்றன. ஹைட்ரஜன் தீர்ந்தால் அணைந்துவிட வேண்டியதுதானே? இல்லை. மையம் தன் எடை தாங்காமல் சுருங்கிச் சூடேறுகிறது. அதைச் சுற்றியுள்ள அடுக்கில் மிச்சமிருக்கும் ஹைட்ரஜன் முன்னைவிட மும்முரமாக ஹீலியமாகிறது. அந்த வேகத்தில் வெளிப்புறம் உப்பிப் பெருத்து, பெருத்ததாலேயே குளிர்ந்துபோகிறது.

சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ், ரோகிணியில் 3,600தான். ஆனால் அகலம் சூரியனைப் போல் சுமார் 45 மடங்கு. அதனால் மொத்த ஒளி 400 மடங்குக்கும் மேல். இவ்வளவு பெரிய உடம்பில் உள்ள பொருளோ சூரியனைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வெளிப்பகுதி வெறும் மெல்லிய வாயு. 500 கோடி ஆண்டுகள் கழித்து நம் சூரியனும் இப்படித்தான் வீங்கும். சுவாதியும் இதே ரகம், இதைவிட அருகில், 37 ஒளியாண்டு தூரத்தில்.

ரோகிணி சந்திரனுக்குப் பிரியமான மனைவி என்பது புராணம். நிலா அவ்வப்போது அதை மறைத்துச் செல்வது உண்மை. மறையும்போது ஒளி ஒரேயடியாக அறுபடாமல், நொடியின் சிறு பின்னத்தில் மங்கி அணைகிறது. அந்த நேரத்தை அளந்தே 65 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள நட்சத்திரத்தின் அகலத்தைக் கணக்கிட முடிகிறது. இதற்கு முன்னால் எனக்குப் புராணம் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது!

முதுமையில் இன்னும் முற்றிய நட்சத்திரம் ஒன்றை அடையாளம் கண்டவர் நம்மூர்க்காரர். தி.நகருக்குப் பக்கத்தில், நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலியைக் கண்டறிந்தார். சுமார் ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை பிரகாசித்து மங்கும் சிவப்புப் பூதம் அது. பஞ்சாங்கம் வானத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று வாதாடி, புதுக்கணக்கில் பஞ்சாங்கம் போட்டவரும் அவரே. மயிலாப்பூரில் அவர் பெயரில் ஒரு தெருவாவது இருந்திருக்கலாம்.

மார்கழிக் கச்சேரி முடிந்து ஒன்பது மணிக்கு சபாவை விட்டு வெளியே வந்தால், கிழக்கு முகமாக நின்று அண்ணாந்து பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றுக்குப் பக்கத்தில் சிவப்பாக இருப்பது திருவாதிரை; அது வேறு சாதி, ஒருநாள் வெடித்துச் சிதறப்போவது. அந்த மூன்றின் கோட்டை மேலே நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் தட்டுப்படுவதுதான் ரோகிணி. தொலைநோக்கி வேண்டாம்.