புயல் வராத ஆண்டின் செலவு

மாலை ஐந்து மணியளவில், நாட்டின் பல ஊர்களிலுள்ள வானிலை நிலையங்களில் ஒரே வேலை நடைபெறுகிறது. ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பெரிய பலூன் ஒன்று வானில் விடப்படுகிறது. அதன் அடியில் கையடக்கமான ஒரு கருவி தொங்குகிறது. மேலே செல்லச் செல்ல, அக்கருவி காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை அளந்து வானொலி அலை மூலம் தரைக்கு அனுப்புகிறது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தை அடைந்ததும் பலூன் வெடித்துவிடுகிறது. கருவி எங்கோ ஒரு வயலிலோ கடலிலோ விழுகிறது. பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை. மறுநாள் விடியற்காலையில் அடுத்த பலூன் பறக்கிறது. புயல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவ்வேலை நிற்பதில்லை. உலகின் பிற நாடுகளிலும் ஏறக்குறைய அதே நேரத்தில் பலூன்கள் பறக்கின்றன. கிடைக்கும் அளவுகளை நாடுகள் ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்கின்றன.

இந்தியாவில் இப்பணியைச் செய்வது இந்திய வானிலை ஆய்வுத்துறை. அது 1875ஆம் ஆண்டு கொல்கத்தாவில் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே சென்னை போன்ற நகரங்களில் வானாய்வுக்கூடங்கள் இருந்தன. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் அளந்தவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்க நாடு முழுமைக்கும் ஓர் அமைப்பு இல்லை. 1864ஆம் ஆண்டு கொல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலும், அடுத்து வந்த பஞ்சங்களும் அந்தக் குறையை உணர்த்தின. இன்று இத்துறை மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. கடலைக் கண்காணிக்கும் ஐதராபாத் பெருங்கடல் தகவல் மையமும், சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகமும் அதே அமைச்சகத்தைச் சேர்ந்தவை.

இவற்றுக்கான பணம் மக்கள் செலுத்தும் வரியிலிருந்து வருகிறது. வரும் ஆண்டில் எவ்வளவு தேவைப்படும் என்று அமைச்சகம் முதலில் கணக்கிடுகிறது. நிதி அமைச்சகம் அதனை ஆராய்ந்து, சிலவற்றை ஏற்றும் சிலவற்றைக் குறைத்தும் முடிவு செய்கிறது. பிப்ரவரி மாதத்தில் வரவு செலவுத் திட்டம் நாடாளுமன்றத்தில் அளிக்கப்படுகிறது. உறுப்பினர்கள் அடங்கிய நிலைக்குழு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளை ஆராய்கிறது. மக்களவை இசைந்த பிறகே பணத்தைச் செலவிட இயலும். செலவழித்ததைப் பின்னர் இந்தியத் தணிக்கைத் துறை சரிபார்க்கிறது.

2024ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 'மிஷன் மௌசம்' என்னும் திட்டத்துக்கு இசைவு அளித்தது. இந்தி பேசும் ஊர்களில் வளரும் குழந்தைகளுக்கு 'மௌசம்' என்றால் வானிலை என்பது தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் பருவக்காற்றைக் குறிக்கும் 'மான்சூன்' என்னும் சொல்லும் அதே அரபு வேரிலிருந்து வந்ததே. கூடுதல் ரேடார்களையும் கணினிகளையும் அமைக்கும் இத்திட்டத்துக்கு இரண்டு ஆண்டுகளில் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கு 1,000 கோடி என்பது மிகப் பெரிய தொகையாகத் தோன்றும். நாட்டின் மக்கள்தொகையை 140 கோடி எனக் கொண்டு வகுத்தால், ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஏழு ரூபாய் வருகிறது.

புதிய ரேடார் திறக்கப்படும் நாளில் செய்தித்தாள்களில் படம் வெளிவரும். அதனைப் பத்து ஆண்டுகள் பழுதின்றி இயக்குவதற்கான செலவு எந்தப் படத்திலும் தெரிவதில்லை. கடலில் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டுள்ள மிதவைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவை காற்றையும் அலையையும் நீரின் வெப்பத்தையும் அளந்து செயற்கைக்கோள் வழியே கரைக்கு அனுப்புகின்றன. உப்புநீர் உலோகத்தை அரிக்கிறது. பாசியும் சிப்பிகளும் அளவுகருவிகளை மூடிவிடுகின்றன. மின்கலங்கள் தீர்ந்துபோகின்றன. மிதவையின் நிழலில் மீன்கள் கூடுவதால் படகுகள் அங்கு வருகின்றன. சில வேளைகளில் படகையே மிதவையில் கட்டிவிடுவதால் கருவிகள் சேதமடைகின்றன. ஆகவே 'சாகர் நிதி' போன்ற ஆய்வுக் கப்பல்கள் மீண்டும் மீண்டும் நடுக்கடலுக்குச் சென்று மிதவைகளைப் பழுது பார்க்கவும் மாற்றவும் வேண்டியுள்ளது. கப்பலின் எரிபொருளுக்குப் பணம் இல்லையென்றால் மிதவை உடனே மூழ்கிவிடாது. அதன் செய்தி மட்டும் ஒருநாள் நின்றுபோகும். கரையில் இருப்பவர் எவருக்கும் அது தெரியவராது.

இத்தகைய செலவின் பயனை ஒடிசா கண்டிருக்கிறது. 1999ஆம் ஆண்டு அக்டோபரில் பாரதீப் அருகே கரையைக் கடந்த பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் உயிரிழந்தனர். 2013ஆம் ஆண்டு அதே அக்டோபர் மாதத்தில், 'பைலின்' என்னும் கடும்புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தது. சில நாட்களுக்கு முன்பே அதன் பாதை கணிக்கப்பட்டதால், ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். இறந்தோர் 50க்கும் குறைவு. இப்பெருமை முழுவதும் கணிப்புக்கே உரியதன்று. மாநில அரசு கட்டிய புயல் காப்பகங்களும், வீடுவீடாகச் சென்று மக்களை அழைத்த ஊழியர்களும் இல்லையெனில் எச்சரிக்கை வெறும் காகிதமாக இருந்திருக்கும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று காலை, சுமத்ரா அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்துக்குள் கடற்கரை மக்களுக்குச் செய்தி சொல்ல இந்தியப் பெருங்கடலில் எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. நாகப்பட்டினம் உள்ளிட்ட ஊர்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் பின்னரே 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது. கடலடியில் வைக்கப்பட்ட கருவிகள் தம்மேல் உள்ள நீரின் அழுத்தம் சற்றே மாறினாலும் அதனை மிதவைக்குத் தெரிவிக்கின்றன. மிதவை அதனை மையத்துக்கு அனுப்புகிறது. மையத்தில் இரவும் பகலும் ஆட்கள் விழித்திருக்கின்றனர்.

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11 அன்று பிற்பகல், சுமத்ரா அருகே மீண்டும் ஒரு பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. சென்னையிலும் அதிர்வு உணரப்பட்டது. மக்கள் அஞ்சிக் கடற்கரையை விட்டு விலகினர். சில நிமிடங்களிலேயே மையத்தின் முதல் அறிவிப்பு வெளியாயிற்று. ஆனால் இம்முறை நிலத்தட்டுகள் மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டில் நகர்ந்திருந்தன. ஆகவே நீர் பெரிதாக மேலெழவில்லை. கருவிகள் சிறிய அலைகளையே காட்டியதால், சில மணி நேரத்தில் எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. பேரலை வரவில்லை என்று உறுதியாகச் சொல்வதற்கும் கடலில் அந்தக் கருவிகள் தேவைப்பட்டன. மக்கள் அன்று மாலையே வீடு திரும்பினர்.