ஆறு உரிமைகள், எட்டுக் கட்டுகள்

மாஹிம், மாதுங்கா, தாராவி என்று அடுத்தடுத்து அமைந்த மும்பைப் பகுதியில் இயந்திரங்கள் இரண்டு விதமாகக் கூட்டப்படுகின்றன. 1887இல் தொடங்கப்பட்டு 1923இல் மாதுங்காவுக்கு இடம் மாறிய வி.ஜே.டி.ஐ. தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவர்கள் அவற்றைக் கணினித் திரையில் பாகம் பாகமாக வரைந்து சேர்க்கிறார்கள். 1915 முதல் இயங்கிவரும் மத்திய ரயில்வேயின் மாதுங்கா பணிமனையிலும், மாஹிம் நிலையத்தின் கிழக்கு வாசலுக்கு அப்பால் விரியும் தாராவியின் சிறு பட்டறைகளிலும் அவை இரும்பாகவே சேர்க்கப்படுகின்றன. திரையில் சேர்ப்பவர் விரைவிலேயே எதிர்கொள்ளும் தடை, இரண்டு பாகங்களைப் பொருத்தச் சொன்னதும் மென்பொருள் மறுத்து, பட்டியலில் சிவப்புக் குறியிடுவதாகும். அந்தக் குறி மென்பொருளின் கோளாறு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பெரும்பாலான வேளைகளில் அது வடிவமைப்பைப் பற்றிய உண்மை. திரையில் அதை மறைத்துவிட்டால், பின்னர் பட்டறையில் சூடேறும் பேரிங்காகவும் தேயும் புஷ்ஷாகவும் அதுவே திரும்பி வரும்.

வெளியில் தடையின்றி மிதக்கும் ஒரு திடப்பொருளுக்கு ஆறு இயக்க உரிமைகள் உண்டு: முன்பின், இடவலம், மேல்கீழ் என மூன்று திசைகளில் நகரலாம், அந்த மூன்று திசைகளையே அச்சாகக் கொண்டு மூன்று விதமாகச் சுழலலாம். திரையில் கொண்டுவந்து வைக்கப்படும் ஒவ்வொரு பாகமும் இந்த ஆறு உரிமைகளுடன்தான் வருகிறது. சாலிட்வொர்க்ஸ் பயன்படுத்துவோர் ‘மேட்’ என்றும், இன்வென்டர் பயன்படுத்துவோர் ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ என்றும் சொல்லும் பொருத்தக் கட்டுப்பாடு, இந்த உரிமைகளில் சிலவற்றைப் பறிக்கும் நிபந்தனையேயாகும். ஒரு தட்டையான முகத்தை இன்னொரு தட்டையான முகத்தின்மேல் படியவைத்தால் மூன்று உரிமைகள் போகின்றன; தரையில் கிடக்கும் பலகை தரையோடு ஒட்டியபடி இரு திசைகளில் நகரவும் ஒரு விதமாகத் திரும்பவும் மட்டுமே முடியும் என்பது இதற்கு எளிய சான்று. ஓர் உருளையையும் ஒரு துளையையும் ஒரே அச்சில் நிறுத்தும் ‘கான்சென்ட்ரிக்’ கட்டுப்பாடு நான்கு உரிமைகளைப் பறித்து, அச்சின் வழியே வழுக்குதல், அச்சைச் சுற்றிச் சுழலுதல் ஆகிய இரண்டை மட்டும் விட்டுவைக்கிறது.

இந்த நிபந்தனைகள் உள்ளுக்குள் சமன்பாடுகளாக மாற்றப்பட்டு ஒருசேரத் தீர்க்கப்படுகின்றன. திரையில் வரைந்த கோடுகளுக்கு நிபந்தனை விதித்துக் கணினியையே அவற்றை நிறைவேற்றவைக்கும் கருத்தை, 1963இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்ட ஆய்வாக ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ செயல்படுத்திக் காட்டியது. இன்றைய தீர்வுப் பொறிகள் அதைவிடப் பன்மடங்கு வேகமானவை. ஆயினும் அவை சந்திக்கும் அடிப்படை நிலைகள் மாறவில்லை. நிபந்தனைகள் குறைந்தால் பாகம் தளர்ந்து நகர்கிறது. ஒன்றுக்கொன்று முரண்பட்டால் தீர்வே இல்லை. மூன்றாவது நிலை, ஏற்கெனவே பறிக்கப்பட்ட உரிமையை இன்னொரு நிபந்தனையும் பறிக்க முயல்வது. இதை மிகைக்கட்டு எனலாம். இரண்டு நிபந்தனைகளும் ஒரே விடையைச் சொல்லும்வரை பல மென்பொருள்கள் இதைப் பொறுத்துக்கொள்கின்றன. ஆகவே மூன்றிலும் ஏமாற்றக்கூடியது இதுவே: இன்று அமைதியாக இருக்கும் மாதிரி, நாளை ஓர் அளவை ஒரு மில்லிமீட்டர் மாற்றியவுடன் முரணாக வெடிக்கிறது.

மாதுங்கா பணிமனை பல பத்தாண்டுகளாகப் பழுதுபார்த்துவரும் ஐ.சி.எஃப். ரயில்பெட்டியின் போகி, அதாவது பெட்டியைத் தாங்கும் நான்கு சக்கரச் சட்டம், இந்த மிகைக்கட்டை விளங்கிக்கொள்ள மிகவும் ஏற்ற சான்றாகும். சென்னை பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கிவைக்கப்பட்ட ஐ.சி.எஃப். தொழிற்சாலை, சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவன வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டு இந்தப் பெட்டிகளைக் கட்டியது. அந்தப் போகியில் ஒவ்வொரு அச்சுத்தண்டின் இரு முனைகளிலும் பேரிங்கை உள்ளடக்கிய அச்சுப்பெட்டி ஒன்று உண்டு. பெட்டியின் இரு சிறகுகளிலும் சுருள்வில்கள் அமர்ந்திருக்க, சட்டத்தின் அடியில் பற்றவைக்கப்பட்ட இரண்டு உருளை வழிகாட்டிகள் அவற்றின் நடுவே இறங்கி, வில்லைத் தாங்கும் கிண்ணத்துக்குள் மேலும் கீழும் இயங்குகின்றன. கிண்ணத்தில் எண்ணெய் உண்டு. வழிகாட்டியின் மூடியில் இருக்கும் 5 மி.மீ. விட்டமுள்ள ஒன்பது துளைகள் வழியே அது பீறிட்டுப் பாய்வதால் அதிர்வு தணிகிறது. வழிகாட்டியும் அதிர்வுத் தணிப்பானும் ஒன்றேயாக அமைந்த இந்தச் சிக்கனம் வியப்புக்குரியது.

இதைத் திரையில் கூட்டுபவர் வழக்கமாக, முதல் வழிகாட்டிக்கு ஒரு கான்சென்ட்ரிக், இரண்டாவதற்கு இன்னொன்று என்று இடுவார். கணக்கு அங்கேயே இடறுகிறது. அச்சுப்பெட்டிக்கு இருப்பவை ஆறு உரிமைகள். இரண்டு கான்சென்ட்ரிக்கும் சேர்ந்து பறிக்கக் கேட்பவை எட்டு. ஆறிலிருந்து எட்டைக் கழித்தால் பெட்டி அசையவே முடியாது என்று விடை வர, உண்மையில் அது மேலும் கீழும் நகர்கிறது. முதல் கான்சென்ட்ரிக்குக்குப் பிறகு மிஞ்சியிருப்பது வழுக்கலும் சுழற்சியும்தான்; இரண்டாவது செய்யவேண்டியது சுழற்சியைத் தடுப்பது ஒன்றே. அது கேட்கும் மற்ற மூன்றும் மிகை. சட்டத்தில் இரு வழிகாட்டிகளின் இடைவெளியும், பெட்டியில் இரு கிண்ணங்களின் இடைவெளியும் முற்றிலும் சமமாகவும், அச்சுகள் இணையாகவும் இருக்கும்வரை மட்டுமே அந்த மூன்றும் தொல்லை தராமல் ஒதுங்கியிருக்கும்.

‘முற்றிலும் சமம்’ என்பதை மென்பொருள் எவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொள்கிறது என்பதையும் அறியவேண்டும். சாலிட்வொர்க்ஸ் உள்ளிட்ட பல மென்பொருள்களின் வடிவக் கணிப்புக்கு அடித்தளமான பாராசாலிட், இரு புள்ளிகளை ஒன்றெனக் கொள்ளும் எல்லை 0.00001 மில்லிமீட்டர். அந்த நுண்மையில் கடைசல் எந்திரம் எதுவும் பணிமனையில் இயங்குவதில்லை. ஆகவே உண்மையான போகியில் வழிகாட்டிக்கும் அதைச் சூழும் புஷ்ஷுக்கும் இடையே வேண்டுமென்றே ஓர் இடுக்கு விடப்படுகிறது; மூன்று மிகைகளையும் விழுங்கிக்கொள்வது அந்த இடுக்குதான். திரையில் அந்த இடுக்குக்கு இணையானது, இரண்டாவது கான்சென்ட்ரிக்கை எடுத்துவிட்டு, பெட்டியின் நடுத்தளம் சட்டத்தின் நடுத்தளத்துக்கு இணையாக இருக்கட்டும் என்ற மெலிந்த நிபந்தனையை இடுவதாகும். சுழற்சி மட்டும் நிற்கும், வேறெதுவும் இறுகாது.

இதைவிட நுட்பமான சிக்கல் அச்சுத்தண்டில் இருக்கிறது. தண்டை இரு பெட்டிகளின் துளைகளோடும் கான்சென்ட்ரிக்காகப் பொருத்தினால், தண்டவாளத்தில் ஒரு பக்கம் மேடேறும்போது அந்தப் பக்கத்துப் பெட்டி மட்டும் உயரவேண்டிய இயக்கம் திரையில் நடப்பதில்லை. தண்டு சாயக் கூடாது என்று அந்த நிபந்தனை விதித்துவிட்டது. உண்மையான ஐ.சி.எஃப். போகியில் இருப்பதோ கோள உருளை பேரிங். அதன் வெளிவளையத்தின் உட்புறம் கோளத்தின் ஒரு பகுதியாகக் குடையப்பட்டிருப்பதால் தண்டு சிறு கோணத்தில் சாய்ந்தபடியே சுழலும். ஆகவே சரியான நிபந்தனை, பேரிங்கின் நடுப்புள்ளி தண்டின் அச்சின்மேல் இருக்கவேண்டும் என்பதாகும். இரண்டு முனைகளிலும் அந்தப் புள்ளியைத் தண்டின் நீளவாக்கிலும் நகராமல் பூட்டிவிட்டால் மாதிரி மறுபடியும் உறைந்துவிடும். காரணம் பித்தகோரசின் தேற்றம்: ஏறத்தாழ 2,160 மி.மீ. இடைவெளியில் உள்ள இரு பேரிங் மையங்களில் ஒன்றை 20 மி.மீ. உயர்த்தினால், சாய்ந்த தண்டின் நீளத்தில் 0.1 மி.மீ.க்கும் சற்றுக் குறைவான தூரம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. தலைமுடியின் கனத்தோடு ஒப்பிடத்தக்க அந்தத் தூரத்துக்காகவே திரையில் முழுப் போகியும் நின்றுவிடும். ஒரு முனையை நீளவாக்கில் விட்டுவைத்தால் இரு பெட்டிகளும் தனித்தனியே ஏறி இறங்கும், தண்டும் சுழலும். போகிக்கு வேண்டியவை அந்த மூன்று இயக்கங்களே.

ஆகவே சிவப்புக் குறி தோன்றியதும், குறியிடப்பட்ட நிபந்தனையை அழித்துவிட்டு வேறொன்றை இட்டுப் பார்க்கும் பழக்கம் தீங்கானது. மென்பொருள் பெரும்பாலும் கடைசியாக வந்த நிபந்தனையையே குற்றஞ்சாட்டுகிறது. பிழையோ முதலில் இட்டதில் இருக்கலாம். முரண்பட்ட கூட்டம் முழுவதையும் அழிக்காமல் தற்காலிகமாக முடக்கிவைத்து, ஒவ்வொன்றாகத் திரும்பச் செயல்படுத்தி, ஒவ்வொரு முறையும் பாகத்தைச் சுட்டியால் இழுத்துப் பார்த்து, எந்த உரிமை போயிற்று, அது போகவேண்டியதுதானா என்று கேட்பதே நம்பத்தக்க வழி. சாலிட்வொர்க்ஸில் ‘மேட்எக்ஸ்பர்ட்’, இன்வென்டரில் ‘டிசைன் டாக்டர்’ ஆகிய கருவிகள் முரண்பட்ட கூட்டத்தை அடையாளம் காட்ட உதவுகின்றன. எந்த உரிமை தேவை என்ற கேள்விக்கு இயந்திரத்தை அறிந்தவர் மட்டுமே விடை சொல்ல முடியும்.

முடக்கிய நிலையில் பொருந்தாத இடத்தை அளந்து பார்ப்பதும் பலன் தரும். இடைவெளி மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்காக இருந்தால், அங்குலத்தில் இருந்து மாற்றி முழுமைப்படுத்திய ஏதோ ஓர் அளவே காரணம் என்று ஐயுறலாம். பாகம் தலைகீழாகத் திரும்பி நின்றால், முகங்கள் ஒன்றையொன்று நோக்குவதா ஒரே திசையை நோக்குவதா என்ற தேர்வு தவறியிருக்கிறது. நிலையாக நிறுத்தப்படவேண்டிய முதல் பாகத்தோடு இன்னொன்றும் நிலைநிறுத்தப்பட்டிருந்தால், அவ்விரண்டுக்கும் இடையே இடப்படும் எந்த நிபந்தனையும் இடர்தான். உட்கூட்டம் எனப்படும் தனித் தொகுதியைப் பெரிய தொகுதியில் சேர்க்கும்போது சாலிட்வொர்க்ஸ் அதை இயல்பாக ஒரே திடப்பொருளாக எடுத்துக்கொள்கிறது. உள்ளே நன்றாக நகர்ந்த நீள்தண்டு வெளியே வந்ததும் உறைந்துவிட்டது என்று திகைப்பவர்கள், அதை நெகிழ் நிலைக்கு மாற்றினால் போதும். பாகத்தைத் திருத்தும்போது, நிபந்தனை பற்றிக்கொண்டிருந்த முகம் அல்லது விளிம்பு அழிந்துபோனால் நிபந்தனை பற்றுக்கோடின்றித் தொங்கும். இதைத் தவிர்க்கவே அனுபவசாலிகள், திருத்தத்தில் மறைந்துவிடக்கூடிய சிறு விளிம்புகளை விட்டு, பாகத்தின் மூலத் தளங்களையும் மைய அச்சுகளையும் பற்றி நிபந்தனை இடுகிறார்கள்.

உரிமைகளை எண்ணிக் கழிக்கும் கணக்கும் எல்லா இடத்திலும் உண்மை சொல்வதில்லை. போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய அதே 1853இல், பிரான்சில் சாரூ வெளியிட்ட கீல் இணைப்பு ஒன்று, எண்ணிக்கைப்படி இறுகி நிற்கவேண்டியதாயினும் நேர்கோட்டில் ஏறி இறங்குகிறது. அதன் அச்சுகள் தனிச்சிறப்பான வடிவ உறவில் அமைந்திருப்பதே காரணம். ஆகவே மிகைக்கட்டு எப்போதும் பிழை என்றும் கொள்ள முடியாது. மூன்று கீல்கள் உள்ள வீட்டுக் கதவும் மிகைக்கட்டுடையதே. மூன்றையும் ஒரே நேர்கோட்டில் அடித்த தச்சரின் கைத்திறனால் அது திறந்து மூடுகிறது. எங்கே மிகை இருக்கிறது, அதற்கு ஈடாக எந்தத் துல்லியம் கேட்கப்படுகிறது, அந்தத் துல்லியத்துக்கு யார் விலை கொடுப்பது என்பதை வடிவமைப்பவர் அறிந்தே ஏற்கவேண்டும் என்பதுதான் இங்கு முக்கியம்.

அந்த விலையைச் சிறு பட்டறைகள் உடனே உணர்கின்றன. தாராவியின் மறுசுழற்சித் தொழிலில் பிளாஸ்டிக்கைத் துண்டாக்கும் எந்திரங்கள் அங்கேயே செய்யப்படுகின்றன. அவ்வகை எந்திரத்தில் கத்திகள் பூட்டிய தண்டை இரு பேரிங்குகள் தாங்கினால் போதும்; அவற்றிலும் ஒன்று தண்டை நீளவாக்கில் பிடித்துக்கொள்ள, மற்றது சூட்டில் தண்டு நீள்வதற்கு இடம் விடவேண்டும். வலுக்கூட்டுவதாக எண்ணி மூன்றாவது பேரிங்கைச் சேர்ப்பவர், மூன்று மையங்களும் ஒரே கோட்டில் நிற்கும்படி அடியில் ‘ஷிம்’ எனப்படும் மெல்லிய தகடுகளைச் செருகிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். சரியாக அமையாவிடில் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து களைத்துப்போகும். திரையில் அதே மூன்றாவது பேரிங் எந்த எதிர்ப்புமின்றிப் பொருந்திவிடும், ஏனெனில் அங்கே எல்லா மையங்களும் பிழையின்றி ஒரே கோட்டில் வரையப்பட்டிருக்கும். மென்பொருள் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்ட மிகைக்கட்டு சிவப்புக் குறியைவிட ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் மென்பொருளும் 2024 நவம்பரில் வெளிவந்த 1.0 பதிப்பிலிருந்து தனக்கென ஒரு கூட்டுப் பிரிவைக் கொண்டிருப்பதால், உரிமம் வாங்க வசதியற்ற பட்டறைக்காரரும் மாணவரும் இந்த எண்ணிக்கைகளைத் தாமே சோதித்துப் பார்க்கலாம்.

பெரம்பூர்த் தொழிற்சாலை 2018இல் பழைய வகைப் பெட்டிகளைக் கட்டுவதை நிறுத்தி எல்.எச்.பி. வகைக்கு முழுமையாக மாறியது. அந்தப் பெட்டிகளின் போகியில் இரட்டை உருளை வழிகாட்டிகள் இல்லை. அச்சுப்பெட்டியைத் தாங்கும் கை ஒன்று, நெகிழும் ரப்பர் மூட்டின் வழியே சட்டத்தோடு இணைகிறது. இடுக்கு விட்டு மிகையைச் சமாளித்த இடத்தில் இப்போது ரப்பரின் நெகிழ்வு அந்த வேலையைச் செய்கிறது. உருளையும் புஷ்ஷும் உராய்ந்து தேயும் தொல்லையும் அதனால் நீங்குகிறது. திடப்பொருள்களை மட்டும் அறிந்த கூட்டு மென்பொருளுக்கு ரப்பர் எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பது தெரியாது. ஆகவே அந்த மூட்டைத் திரையில் ஒரு வெறும் கீலாக இட்டு, எஞ்சிய உரிமைகளைப் பிற நிபந்தனைகளிடம் விட்டு, ரப்பரின் விறைப்பைத் தனி இயக்கவியல் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.