ஸ்டியரிங்கைத் தொடாமலே பந்தயம் ஜெயிக்கிறார்கள், தெரியுமா?

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டி ஜெயித்தவரின் படம் மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வரும். ஆனால் டயரை எப்போது மாற்றுவது, எத்தனை மாற்றுவது, எரிபொருள் எவ்வளவு ஊற்றுவது, எந்தச் சுற்றில் உள்ளே கூப்பிடுவது என்று அத்தனையும் முடிவு செய்தவர் வேறொருவர், தெரியுமா? அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில் அவருக்குப் பெயர் க்ரூ சீஃப். காதில் ஹெட்செட், கண்ணெதிரே கடிகாரம், மனதுக்குள் ஓயாத கணக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், விளையாட்டு உலகத்தில் இதைப் போல வியக்கவைக்கும் வேலை இன்னொன்று கிடையாது!

ரே எவர்ன்ஹாம் கதையைக் கேளுங்கள். நியூஜெர்சிக்காரர். க்ரூ சீஃப் ஆக வேண்டும் என்று கனவு கண்டவர் இல்லை; அவருடைய ஆசையெல்லாம் கார் ஓட்டுவதில்தான். 1991ல் ஃப்ளெமிங்டன் தடத்தில் நடந்த விபத்தில் தலையில் பலத்த அடி. எதிரே இருப்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்கும் பார்வை பாதிக்கப்பட்டது. பந்தய ஓட்டுநருக்கு அது போனால் எல்லாம் போச்சு. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே சார்லட் தடத்தில் ஒரு 19 வயதுப் பையனைச் சந்தித்திருந்தார். பெயர் ஜெஃப் கார்டன். தன்னால் ஓட்ட முடியாத பந்தயங்களை எல்லாம் அந்தப் பையன் மூலமாக ஜெயித்தார் எவர்ன்ஹாம். எத்தனை தெரியுமா? 47 பந்தயங்கள்! 1995, 1997, 1998 என மூன்று சாம்பியன் பட்டங்கள்! 1998ல் மட்டும் 13 வெற்றி!

இருவரும் நாஸ்காரின் உச்சத் தொடரில் சேர்ந்து இறங்கிய முதல் நாள்கூட ஓர் அதிசயம்தான். 1992 நவம்பர் 15, அட்லாண்டா. 200 பந்தயம் ஜெயித்த ரிச்சர்ட் பெட்டிக்கு அது கடைசிப் பந்தயம். கார்டனுக்கு முதல் பந்தயம். அன்றைக்குத்தான் ஆண்டுச் சாம்பியன் யார் என்பதும் முடிவானது. பில் எலியட் பந்தயத்தை ஜெயித்தார், ஆனால் பட்டம் ஆலன் குல்விக்கிக்கு! எப்படி? அதிகச் சுற்றுகள் முன்னணியில் ஓடியவருக்கு 5 புள்ளி போனஸ் உண்டு. குல்விக்கியின் க்ரூ சீஃப் பால் ஆண்ட்ரூஸ் அதைக் கணக்குப் போட்டு, டயருக்கும் எரிபொருளுக்கும் காரை உள்ளே நிறுத்தும் கடைசி பிட் ஸ்டாப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார். முடிவில் குல்விக்கி முன்னணியில் ஓடியது 103 சுற்று, எலியட் 102. பட்டத்தைத் தீர்மானித்த வித்தியாசம் 10 புள்ளி. அந்த ஒரு சுற்று எலியட் பக்கம் போயிருந்தால் போனஸும் கைமாறி, இருவரும் சமமாகி, அதிக வெற்றி பெற்றவர் என்ற கணக்கில் எலியட்டே சாம்பியன்! ஓர் ஆண்டு முழுக்க ஓடிய ஓட்டம் ஒரே ஒரு சுற்றில் நின்றது. இதில் இன்னொரு செய்தி: அதே குல்விக்கியிடம் அந்த ஆண்டின் தொடக்கத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்து, ஒத்துப்போகாமல் விலகி வந்தவர்தான் நம் எவர்ன்ஹாம்.

சரி, கார் உள்ளே வந்து நிற்கும் அந்தச் சில விநாடிகளில் என்ன நடக்கிறது? அன்றைக்கெல்லாம் ஒரு சக்கரத்துக்கு 5 நட். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 20 நட்டைக் கழற்றி, புது டயரை ஏற்றி, மறுபடி 20 நட்டை முடுக்க வேண்டும். புது நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஏது நேரம்? அதனால் பந்தயத்துக்கு முன்பே அவற்றைச் சக்கரத்தின் துளைகள் மேலேயே பசை போட்டு ஒட்டிவிடுவார்கள்! சக்கரத்தைப் பொருத்தியதும் துப்பாக்கி போன்ற கருவி டர்ர் டர்ர் என்று அஞ்சு முறை உறும, நட்டெல்லாம் உட்கார்ந்துவிடும். அதே நேரத்தில் இன்னொருவர் நீளமான ஸ்பேனரைப் பின்பக்கக் கண்ணாடியில் உள்ள சின்னத் துளைக்குள் விட்டு அரைத் திருகு திருகுவார். உள்ளே பின்சக்கர ஸ்பிரிங்கின் மேல் ஒரு திருகாணி இருக்கிறது. அதன் அரைத் திருகில் நான்கு சக்கரங்களின் மேலும் விழும் எடை மாறிவிடும். வளைவில் காரின் மூக்கு திரும்ப மறுத்தால் ஓட்டுநர் ரேடியோவில் 'டைட்' என்பார். வால் வழுக்கினால் 'லூஸ்'. அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டே எத்தனை திருகு, எந்த டயரில் எவ்வளவு காற்று என்று க்ரூ சீஃப் முடிவு செய்கிறார். நாடி பிடித்தே நோயைச் சொல்லும் வைத்தியரைப் போல!

இந்த வேலைக்கு மெக்கானிக் மட்டும் போதாது, விளையாட்டு வீரர்கள் வேண்டும் என்று எவர்ன்ஹாமின் அணி அன்றைக்கே முடிவெடுத்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய ஆண்டி பாப்பதனாசியூ பயிற்சியாளராக வந்தார். உடற்பயிற்சி, ஒத்திகை, மறுபடி ஒத்திகை! வானவில் நிறக் காரைச் சுற்றி ஓடிய அவர்களுக்கு 'ரெயின்போ வாரியர்ஸ்' என்றே பெயர் வந்தது. 2022 முதல் சக்கரத்துக்கு ஒரே நட்டுதான். சிறந்த அணிகள் பத்து விநாடிக்கும் குறைவாக நான்கு டயரையும் மாற்றிவிடுகின்றன.

1994 மே மாதம், சார்லட். 600 மைல் பந்தயம், அதாவது சுமார் 966 கிலோமீட்டர்! வெயிலில் தொடங்கி, இருட்டிய பிறகு விளக்கொளியில் முடியும் பந்தயம். தடம் குளிரக் குளிர டயரின் பிடிப்பு மாறிக்கொண்டே இருக்கும். கடைசி பிட் ஸ்டாப்பில் ரஸ்டி வாலஸ் நான்கு டயரையும் மாற்றினார். எவர்ன்ஹாம் சொன்னது: இரண்டு போதும். மிச்சமான நேரத்தில் கார்டன் முன்னால் பாய்ந்தார். உச்சத் தொடரில் அது அவருக்கு முதல் வெற்றி; வெற்றி மேடையில் அந்த இளைஞர் அழுதேவிட்டார்.

1997ல் நடந்தது இன்னும் ஆச்சரியம். ரெக்ஸ் ஸ்டம்ப் என்ற பொறியாளர் வடிவமைத்த 'டி-ரெக்ஸ்' காரை, முன்மூடியில் டைனோசர் படத்தோடு சார்லட் ஆல்ஸ்டார் பந்தயத்தில் இறக்கினார் எவர்ன்ஹாம். விதிப் புத்தகத்தில் தடை என்று எழுதாத இடத்தையெல்லாம் தேடித் தேடிப் பயன்படுத்திய கார் அது. ஜெயித்தது. உடனே நாஸ்கார் சொன்னது: இந்தக் காரை இனிமேல் கொண்டு வராதீர்கள்!

இந்த விஷயத்தில் முன்னோடி, டேட்டோனா பீச்சில் கராஜ் வைத்திருந்த ஸ்மோக்கி யூனிக். இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். பெட்ரோல் டேங்க்கின் அளவுக்கு விதி உண்டு, குழாயின் அளவுக்கு இல்லையே! 11 அடி நீளத்துக்கு இரண்டு அங்குலத் தடிமனில் பெட்ரோல் குழாயைப் போட்டார். குழாய்க்குள்ளேயே கூடுதல் பெட்ரோல்! எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

நம் ஊர்த் தொடர்பும் உண்டு. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2010ல் நாஸ்காரின் டிரக் பந்தயத் தொடரில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் பந்தயத்திலேயே 13ஆம் இடம். அந்த ஆண்டு அத்தொடரில் ரசிகர்களின் அபிமான ஓட்டுநர் விருதும் அவருக்குத்தான்!

எவர்ன்ஹாமின் அணியில் டயர் மாற்றிய ஒரு பையன் பின்னால் என்ன ஆனான் தெரியுமா? பெயர் சாட் நாஸ். ஜிம்மி ஜான்சனின் க்ரூ சீஃபாக 2006 முதல் 2010 வரை தொடர்ந்து ஐந்து பட்டம். 2013, 2016லும் சேர்த்து ஏழு. அந்த 2006ல் டேட்டோனா 500 பந்தயத்துக்கு முன்பே, காரின் பின்கண்ணாடியில் விதிமீறல் என்று அவரைத் தடத்தை விட்டே அனுப்பிவிட்டார்கள். டேரியன் கிரப் அவர் இடத்தில் நின்றார். ஜான்சன் அந்தப் பந்தயத்தை ஜெயித்தார்! க்ரூ சீஃப் ஊரில் இல்லாதபோதும் அவர் கட்டிய கார் ஜெயித்தது.

ஏழு என்றால் உச்சம் என்றுதானே நினைப்பீர்கள்? ரிச்சர்ட் பெட்டியின் உறவினர் டேல் இன்மன், பெட்டிக்கு ஏழு பட்டம் வாங்கிக் கொடுத்தவர். 1967ல் இந்த ஜோடி ஜெயித்தது 27 பந்தயம், அதில் 10 தொடர்ச்சியாக! 1981 டேட்டோனா 500ல் கடைசி நிறுத்தத்தில் டயரைத் தொடாதே, எரிபொருளை மட்டும் ஊற்று என்று சொல்லி ஜெயிக்கவைத்தார். சில நாளிலேயே பெட்டியை விட்டு வேறு அணிக்குப் போனார். 1984ல் டெர்ரி லபான்ட்டியோடு இன்னொரு பட்டம். மொத்தம் எட்டு. 2020 முடிவில் நாஸ் க்ரூ சீஃப் வேலையிலிருந்து விலகியபோது அந்த எட்டுக்கு ஒன்று குறைவாகத்தான் இருந்தார்.