முதுகுத் தட்டு விலகல்: கத்தி எப்போது, காத்திருப்பு எப்போது?

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், அகத்தியர்கூடம் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது போனக்காடு. மலையேற்றத்துக்கு வருவோர் அதனை நடைப்பயணம் தொடங்கும் இடமாக அறிவர். ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டத்துக்காக வந்து, தோட்டம் முடங்கிய பின்னும் லயங்களில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கோ அதுவே ஊர். சித்த மருத்துவத்தின் முதல்வராகப் போற்றப்படும் முனிவரின் பெயர் தாங்கிய மலைக்குக் கீழே வாழ்ந்தாலும், முதுகை எம்.ஆர்.ஐ. படம் எடுக்க வேண்டுமெனில் விதுரா, நெடுமங்காடு வழியாக நகரம் நோக்கித்தான் இறங்க வேண்டும்.

சரிவில் நின்று குனிந்து கொழுந்து எடுப்பதும், மூட்டை தூக்குவதும் கீழ் முதுகின் மீது பெருஞ்சுமையை ஏற்றும் வேலைகள். முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல அமைந்த தட்டை டிஸ்க் என்கிறோம். அதன் நடுவே கூழ் போன்ற பகுதி. சுற்றிலும் உறுதியான நார் வளையம். அக்கூழ் பிதுங்கி அருகிலுள்ள நரம்பை அழுத்தும்போது, இடுப்பில் தொடங்கும் வலி பிட்டம், தொடை வழியாகப் பாதம் வரை மின்னலாய் இறங்குகிறது. நார் வளையம் கிழிவதே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழுவினர் 181 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஏறத்தாழ 65 விழுக்காட்டினரிடம், தட்டு எலும்போடு ஒட்டியிருக்கும் விளிம்பே பெயர்ந்திருந்தது. முதுகெலும்பு ஆய்வுக்கான பன்னாட்டுப் பரிசு பெற்ற ஆய்வு இது.

தட்டு விலகலுக்கும் கால்வலிக்கும் உள்ள தொடர்பை 1934இல் அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் விளக்கினர். அக்காலத்து அறுவையில் முதுகை நீளமாகக் கீறி, தசையை விலக்கி, எலும்பையும் கணிசமாக அகற்ற வேண்டியிருந்தது. 1970களில் நுண்ணோக்கி வந்ததும் கீறல் இரண்டு, மூன்று சென்டிமீட்டராகச் சுருங்கியது. 1997இல் ஃபோலி, ஸ்மித் ஆகியோர் தசையை வெட்டாமல் அதன் இழைகளை விரித்துக் குழாய் செருகும் முறையை அறிமுகம் செய்தனர். இன்றைய எண்டோஸ்கோப் முறையில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளை போதும். பக்கவாட்டிலிருந்து செய்யும் வகையில், பலருக்கு அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தே முடித்துவிடுகின்றனர். எம்முறையாயினும் தட்டு முழுவதையும் எடுப்பதில்லை. நரம்பை அழுத்தும் துண்டை மட்டுமே அகற்றுகின்றனர்.

விளம்பரங்கள் துளையின் அளவையே பேசுகின்றன. நெதர்லாந்தில் 328 நோயாளிகளிடம் குழாய் முறையையும் வழக்கமான நுண்ணோக்கி அறுவையையும் ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் குழாய் முறை மேம்பட்டதாக இல்லை. தழும்பு சிறிது என்பதற்காக மட்டும் கூடுதல் தொகை செலுத்த முன்வருவோர் இதை அறிந்திருப்பது நல்லது. மருத்துவரின் அனுபவம் துளையின் அளவைவிட முக்கியம் என்பதே என் கருத்து.

அதனினும் பெரிய கேள்வி, அறுவை தேவையா என்பது. முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்துப் பார்த்த 1994ஆம் ஆண்டு ஆய்வில், பாதிப்பேருக்கு மேல் ஏதேனும் ஒரு தட்டு புடைத்திருந்தது. ஆகவே படத்தில் தெரிவதெல்லாம் நோயன்று. பிதுங்கிய கூழை உடலே மெல்லக் கரைத்துவிடுவதும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் கடுங்கால்வலி கண்ட 283 பேரை 2007இல் ஆராய்ந்தபோது, உடனே அறுவை செய்துகொண்டோர் விரைவில் வலி நீங்கினர். எனினும் ஓராண்டில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் நலமடைந்திருந்தனர். காத்திருந்தோரில் 39 விழுக்காட்டினர் இடையில் அறுவையை நாடினர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வலியைத் தாங்கிக் காத்திருப்பதா, முன்கூட்டியே முடித்துக்கொள்வதா என்பது பெரும்பாலோருக்கு அவரவர் எடுக்கும் முடிவே.

சிலருக்கு அந்த உரிமை இல்லை. சிறுநீர் வெளியேறாமல் அடைத்துக்கொள்ளுதல் அல்லது தானாகக் கசிதல், மலம் கட்டுப்படாமை, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போதல், இரு கால்களும் தளர்தல் ஆகியவை தோன்றினால், அன்றே அறுவை வசதியுள்ள மருத்துவமனையை அடைய வேண்டும். 48 மணி நேரம் என்பது பரவலாகச் சொல்லப்படும் எல்லை. அதற்கு முன்பு எவ்வளவு விரைந்தாலும் நன்று. நடக்கும்போது பாதம் தூக்க முடியாமல் தரையில் இழுபடுவதும் தாமதிக்கக் கூடாத அறிகுறியே. போனக்காடு போன்ற ஊரில் ‘காலையில் பேருந்து வரட்டும்’ என்று இரவு முழுதும் பொறுத்திருப்பது வாழ்நாள் ஊனமாக முடியலாம். திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நோக்கி உடனே புறப்படுவதே தகும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். கேரளத்தில் காருண்யா ஆரோக்கிய சுரக்‌ஷா திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் உள்நோயாளிச் சிகிச்சை கிடைக்கிறது. தனியார் காப்பீடு வைத்திருப்போர் தம் பாலிசியில் ‘காத்திருப்புக் காலம்’ என்ற பகுதியை இன்றே படித்துப் பார்க்கலாம். தட்டு விலகலுக்குப் பொதுவாக 24 மாதக் காத்திருப்பு உண்டு. விபத்தால் நேர்ந்த காயத்துக்கு அது பொருந்தாது. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்பின் உச்சவரம்பை ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைத்துள்ளது. வலி தொடங்கிய பின் பாலிசி வாங்கி, பழைய நோயை மறைத்தால் கோரிக்கை நிராகரிக்கப்படும்.

மருத்துவமனைக் கட்டணத்தைக் காப்பீடு ஏற்றாலும், இழந்த கூலியை அது ஏற்பதில்லை. அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளி எழுந்து நடந்துவிடுகிறார். ஆனால் குனிந்து சுமை தூக்கும் வேலைக்குத் திரும்ப ஆறு வாரங்களேனும் பொறுக்குமாறு மருத்துவர்கள் கூறுவது வழக்கம். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அதே தட்டு மீண்டும் பிதுங்குவதால், அவசரமாக மூட்டை தூக்குவது வினையாகும். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அந்த ஆறு வாரங்களே சிகிச்சையின் பெருஞ்செலவு. அறுவைக்கு நாள் குறிக்கும் முன், அக்காலத்துக்கான அரிசி, பால், பள்ளிக் கட்டணம், பயணச் செலவு ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கூட்டி, அத்தொகையைத் தனியே ஒரு சேமிப்புக் கணக்கில் ஒதுக்கி வைக்கலாம்.