குட்டி ஸ்வெட்டருக்குத் தோளில் ஏன் பட்டன்?

பெரியவர்களின் ஸ்வெட்டரைத் தலைவழியே மாட்டிவிடலாம். கைக்குழந்தையின் ஸ்வெட்டரில் தோளிலோ முன்பக்கமோ பட்டன் வைப்பது ஏன்? பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு சுமார் 35 செ.மீ.; மார்புச் சுற்றளவு அதைவிட ஓரிரு செ.மீ. குறைவு. கழுத்துக்கு அளவாகப் பின்னினால் தலை நுழையாது. தலைக்கு அளவாகப் பின்னினால் தோளைவிட்டு நழுவும்.

பின்னல் துணி இழுபடுமே என்பீர்கள். இழுபடும்தான். நூல் நீளாது, வளைந்து கிடக்கும் கண்ணிகள் வடிவம் மாறி இடம் கொடுக்கும். ஆனால் கழுத்தோரத்தில் கண்ணிகளை இறுக்கி முடிப்பதால் அங்கே விரிவு குறைவு. வலிந்து மாட்டினால் குழந்தையும் அழுது ஊரைக் கூட்டிவிடும்.

காஜாவுக்குக் கத்தரி வேண்டாம். இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னி, ஊசிமேல் நூலை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்; அடுத்த வரிசையில் அங்கே துளை விழும், கண்ணிகளின் எண்ணிக்கையும் மாறாது. அந்தத் துளையும் இழுபடும் என்பதால், சற்றே இறுக்கமாக நுழையும் பட்டனே நிற்கும். எனவே பின்னி முடித்த துணியைக் கடைக்கு எடுத்துப்போய்ப் பட்டன் வாங்குவதே புத்திசாலித்தனம்.

கனமான பட்டன் துணியைத் தொங்கவைக்கும்; மெல்லிய, விளிம்பு மழுங்கியது நல்லது. தைக்கும்போது உட்புறம் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்தால், இழுப்பு ஒரே கண்ணியில் விழாமல் பரவும். கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயது. கழன்ற பட்டன் மூச்சுக்குழாயை அடைக்கலாம். துவைக்கும்போதெல்லாம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.