திருப்பூரில் மட்டும் டெய்லர் முதலாளி ஆவது எப்படி?

"எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவங்ககிட்ட வேலை பாக்குறது, சொந்தமா ஏதாச்சும் பண்ணணும்." இந்தப் பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் வேலையை விட்டுவிட்டு நாலு தையல் மெஷினைப் போட்டு உட்காரும் துணிச்சல் திருப்பூரில் அதிகம். அதில் ஊருக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

சிறிதாகத் தொடங்கலாம்

ஒரு பனியன் உருவாக நிட்டிங், டையிங், கட்டிங், தையல், பிரிண்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பல கட்டங்கள் உண்டு. பெரிய கம்பெனிகள் இவற்றில் பலவற்றை 'ஜாப் ஒர்க்' என்று வெளியே கொடுக்கின்றன. அதனால் புதிதாக வருபவர் முழு ஃபேக்டரி கட்ட வேண்டாம். பவர் டேபிள் போட்டவருக்கு வெட்டிய துணி வந்துவிடும். தைத்துக் கொடுத்துக் கூலி வாங்கலாம். பழைய மெஷின், மெக்கானிக், டெய்லர், நூல், பட்டன் எல்லாமே ஊருக்குள் கிடைக்கும். இதே தொழிலை வேறு ஊரில் தொடங்கினால், ஒரு மெஷின் பழுதானாலே அன்றைய வேலை படுத்துவிடும்.

பார்த்தே பழகும் தொழில்

ஒரே தொழில் குவிந்த ஊரில் அதன் நுணுக்கங்கள் காற்றிலேயே கலந்திருக்கும் என்ற கருத்தை, பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே எழுதினார். திருப்பூரைப் பற்றி ஷரத் சாரி எழுதி 2004-ல் வெளியான ஆய்வு நூலும், விவசாயக் குடும்பங்களிலிருந்து வேலைக்கு வந்த பலர் முதலாளி ஆனதை விவரிக்கிறது. 'நம்மகூட வேலை பாத்தவரு இன்னைக்கு ஓனர்' என்பதைக் கண்ணால் பார்ப்பவருக்குப் பயம் குறையும்.

எல்லோருக்கும் அல்ல

ஆனால் கடனும் முதல் ஆர்டரும் பெரும்பாலும் சொந்தபந்தம், சாதி, பழக்கம் வழியாகவே வருகின்றன. அதே திறமையுள்ள பெண் தொழிலாளிக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை.

ஊரே ஆபத்தானால்?

நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சாயம் போட இடமில்லாததால், சாயத் தொழிலில் இல்லாதவர்களின் வேலையும் அடிபட்டது. ஊரை நம்பித் தொழில் தொடங்கியவர், ஊர் முடங்கும்போது சேர்ந்தே முடங்குகிறார்.

சுயதொழிலுக்குக் கடன் வாங்கும் முன் மெஷின் விலையை விசாரித்தால் மட்டும் போதாது. ஆர்டர் யார் தருவார், பணம் எத்தனை நாளில் வரும், ஒரு கம்பெனி கைவிட்டால் அடுத்து யாரிடம் போகலாம் என்பதையும் அந்த ஊரிலேயே விசாரித்துவிடுவது நல்லது.