குரல் வளமும் பரிவும்

குடத்தில் நீர் வார்க்கும்பொழுது எழும் ஒலி, நீர்மட்டம் உயர உயரக் கூர்மையடைவதை யாவரும் கேட்டிருப்பர். நீருக்கு மேலுள்ள காற்றறை குறுகுவதே அதற்குக் காரணம். ஒவ்வொரு காற்றறையும் தனக்கியல்பான மீடிறன்களையே ஏற்று ஓங்கச் செய்யும். இதனைப் பௌதிகர் பரிவு என்பர். மனிதக் குரலின் வளமும் இதன்பாற்பட்டதேயாம்.

சுவாசப்பையிலிருந்து வரும் காற்றுக் குரல்வளையிலுள்ள நாண்களை அதிரச் செய்கின்றது. அவ்வொலியில் அடிப்படைச் சுரத்தோடு அதன் மடங்குகளான மேற்றொனிகள் பலவும் கலந்துள்ளன. அவற்றுள் எவை ஓங்கும், எவை ஒடுங்கும் என்பதை வரையறுப்பது தொண்டையும் வாயுமாகிய குழாயே. ஆடவரிடத்து ஏறக்குறைய 17 சதமமீற்றர் நீளமுள்ள இக்குழாய், ஒடுக்கமின்றித் திறந்திருப்பின், செக்கனுக்கு 500, 1500, 2500 அதிர்வுகளுக்கு அண்மையிற் பரிவுறும். நாவும் இதழும் தாடையும் அசையுந்தோறும் இவ்வெல்லைகள் மாறுகின்றன. ஆகாரமும் ஈகாரமும் வேறுபடுவது இதனாலேயே. நாண்கள் அதிராத குசுகுசுப்பிலும் உயிரொலிகளைப் பிரித்துணர்கின்றோம் என்பது இதற்குச் சான்றாகும்.

உந்தியிலெழும் வளி தலை, மிடறு, நெஞ்சு என்பவற்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறெழுத்தாகும் எனத் தொல்காப்பியர் பிறப்பியலிற் கூறினார். வளியின் எழுச்சியையும் உறுப்புக்களின் தொழிலையும் பிரித்து நோக்கிய நுண்மை வியத்தற்குரியது.

மேலைநாட்டு இசைநாடகத்தில் ஆண் பாடகர் ஒலிபெருக்கியின்றியே பெரிய வாத்தியக் குழுவை மீறிக் கேட்கப்படுவதன் காரணத்தைச் சுவீடன் நாட்டறிஞர் யொகான் சுண்ட்பேர்க் 1970களில் விளக்கினார். வாத்தியங்களின் வலு 500 அதிர்வை அண்டிச் செறிந்திருக்கும். பயின்ற பாடகர் குரல்வளையைத் தாழ்த்தித் தொண்டையை விரிப்பதால், அவர் குரல் 3000 அதிர்வை அண்டி ஓங்குகின்றது. அவர் கேட்கப்படுவது மிடற்றின் வன்மையாலன்று, பரிவினாலேயாம்.

இதனை உணராதார், மண்டபத்தின் கடையிருக்கைக்கும் கேட்கவேண்டுமென்று மிடற்றை இறுக்கிக் கத்துவர். நாண்கள் வன்மையாக மோதி வீங்கக் குரல் கம்மும். நாட்படின் அவற்றிற் சிறு கணுக்கள் தோன்றுதலும் உண்டு. நாடோறும் பேசியே தொழில் புரியும் ஆசிரியரிடத்து இக்கேடு மிகுதி. ஆதலின், பண்ணிசை பயில்வோரும் மேடையேறுவோரும் நிமிர்ந்து நின்று, தாடையைத் தளர்த்தி, வாய்மூடி மகரவொற்றை மெல்ல முரன்று, இதழும் முகமும் அதிர்வதை உணர்க. அவ்வுணர்வு குன்றாமலே 'மா' என வாய்திறந்து பழகுக. மூன்று கிழமைக்கு மேலுங் குரல் கம்மியிருப்பின் மருத்துவரை நாடுதல் வேண்டும். குரல் கெட்டபின் வருந்துவதினும், அதனை ஆளும் முறையை மாணவப் பருவத்திலேயே அறிந்துகொள்ளுதல் நன்றாம்.